நாலு பக்கமும் குத்திய குறி

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு மறுபடியும் கிளம்பிவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அலுப்புதான். மரக்காணம் பக்கம் ஈசிஆர் ஓரத்தில், உப்பளங்களைப் பார்த்தபடி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், ஃபாரம் நிரப்புவதும், வாக்காளர் பட்டியலில் பெயர் தேடித் தருவதும் என் தலையில்தான். எழுதிய மனுக்களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை நல்ல குணம் என்று சிலர் சொல்கிறார்கள். என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

நான் அதிகமாக எழுதிய மனு ஒரே விஷயத்தைப் பற்றியது. ஊரிலிருந்து உப்பளத்துக்குப் போகும் வழியில் ஒரு ஓடை குறுக்கே போகிறது. வேலைக்குப் போகிற பெண்கள் அதை இரண்டு பனைமரத் துண்டுகள் மேல் நடந்துதான் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மழைக்காலமும் முடியும்போது மரம் உளுத்துப் போயிருக்கும், இல்லையென்றால் புரண்டு கிடக்கும். சிமெண்ட் குழாய் பதித்து ஒரு சின்னப் பாலம் கட்டித் தாருங்கள் என்று எழுதி எழுதி, அந்த மனு எனக்கு ஜெபம் போல மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த மனுவை எழுதச் சொல்லி வருகிறவர் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவர் இல்லை, உப்பளத்தில் கூலி வேலை. மனுவுக்குப் பதில் வராத ஒவ்வொரு வருஷமும் அவரே நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது மரம் போடுவார், கரையில் மண்மூட்டை அடுக்குவார். விடியற்காலையிலிருந்து உப்பு வாரிய உடம்போடு, வெயில் ஏறிய பிறகு இதைச் செய்வார். யாரும் அவரைக் கேட்டதில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை.

போன தேர்தலில் அவரை வார்டு உறுப்பினருக்கு நிற்கச் சொன்னவன் நான்தான். மனு போட்டு மனு போட்டு ஓய்ந்துவிட்டோம், நீங்களே உள்ளே போய் உட்கார்ந்து பாலத்தைக் கேளுங்கள் என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாலம் வரும் என்றால் நிற்கிறேன் என்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. தலைவார நேரமில்லாதவளுக்குச் சீப்பா என்று கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

கிராமத்துத் தேர்தலில் இன்னும் காகிதச் சீட்டுதான். நாலு பதவிக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு கையில் தருவார்கள். ஒவ்வொன்றிலும் வேண்டிய சின்னத்தின் மேல் ரப்பர் முத்திரையைக் குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். சட்டசபைக்கு மிஷினில் பட்டனை அமுக்கிப் பழகியவர்களுக்கு இது பெரிய பதற்றம். அதனால் ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலில் வகுப்பு வைத்தேன். ஒரு மாதிரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அட்டைப்பெட்டி மேல் ஒட்டி, கடை முத்திரையைக் கையில் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். அக்காவும் உப்பளப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் முத்திரையை அழுத்திக் குத்தவில்லை. மை படுமோ படாதோ என்று லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. வாரிய உப்பை மேட்டில் குவித்ததும், அடையாளம் செதுக்கிய மரக்கட்டையால் அழுத்தி அதன் மேல் குறி குத்துவார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

"உப்புக் குவியலுக்குக் குறி குத்துவீங்கல்ல, அதே மாதிரி குத்துங்க. அவ்ளோதான்," என்றேன்.

எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. இதுதானா, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று ஒருத்தி என்னையே கடிந்துகொண்டாள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். மறுபடி குத்திப் பார்க்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு என்மேல் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் அவர்கள் வேலையை முடித்துவிட்டு, உப்புத் தண்ணீர் காய்ந்து வெளுத்த சேலையோடு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள்.

ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு அக்காவோடு நானும் ஏஜெண்டாகப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மேஜை. எங்கள் வார்டில் மூன்று வேட்பாளர்கள். சீப்பு நடுவில் இருந்தது. சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்த அலுவலர் ஒன்றை எடுத்துத் தயங்கி, எங்களுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். சீப்பின் மேல் பளிச்சென்று ஒரு முத்திரை. அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மேலே குத்தியது முதல் வேட்பாளரின் கட்டத்திலும், கீழே குத்தியது மூன்றாமவரின் கட்டத்திலும் விழுந்திருந்தது. செல்லாது என்று தனியாக வைத்தார். அதே மாதிரி இன்னும் இரண்டு வந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்புக் குவியலுக்கு ஒரு குறி குத்துவது வழக்கமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் குத்தினால் மறுபக்கம் யாராவது அள்ளிக்கொண்டு போய்விடலாம். உச்சியில் குத்திவிட்டு நாலு பக்கமும் குத்தினால்தான், எங்கே கை வைத்தாலும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். இத்தனை வருஷம் உப்பளத்துக்கு எதிரிலேயே கடை வைத்திருந்தும், பஸ் ஜன்னல் வழியாக ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அக்கா இரண்டு ஓட்டில் தோற்றார். அந்த மூன்றும் செல்லுபடியாகியிருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். கணக்கு அவ்வளவுதான். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது, நாளைக்கு உப்புப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஜெயித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். சர்ச் தெருவில் விளக்குப் போட்டார், குழாய் ரிப்பேர் என்றால் ஆள் அனுப்புவார். ஆனால் அவர் வீட்டில் யாரும் உப்பளத்துக்குப் போவதில்லை. அதனால் ஓடை அவர் கண்ணில் படவே இல்லை. நான் மனு எழுதிக்கொண்டே இருந்தேன். அக்கா மரம் போட்டுக்கொண்டே இருந்தார். குறி குத்திய விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்கள், தங்களால்தான் அக்கா தோற்றார் என்று வெட்கப்படுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் பெயர் கெட்டுவிடும் என்றுதான்.

போன மழைக்குப் பிறகு மரம் புரண்டு ஒரு பெண் ஓடையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என் அட்டைப்பெட்டியில் குத்திப் பழகியவர்களில் அவளும் ஒருத்தி. உதவி கேட்டு மனு எழுத அவள் மகள் கடைக்கு வந்தாள். ஓடையைத் தாண்டும்போது மரம் புரண்டு, என்று எழுதியதோடு என் கை நின்றுவிட்டது. மீதியைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

அக்கா தனியாக நின்றிருந்தார். புதுப் பனைத்துண்டு ஒன்று கரையில் கிடந்தது. கூட வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த மூணு சீட்டு கெட்டது என்னாலதான். குறி குத்துற மாதிரி குத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி. அதுல ஒண்ணு என்னுது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே சொன்னார்.

"யாரும் கை வச்சிடக் கூடாதுன்னு சுத்தி நாலு பக்கமும் குத்திட்டு வந்தேன். அந்த ஆபீசர் தூக்கிக் காட்டுனப்பதான் புரிஞ்சுது."

தன் ஓட்டைத் தானே கெடுத்துக்கொண்டதைக் கம்பி வலைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ மனசு ஒடஞ்சு உக்காந்துடுவ. அப்புறம் மனு யாரு எழுதறது?"

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் வந்ததா, வேறு எதனாலா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தேர்தல் வருகிறதாமே, நிற்பீர்களா என்று கேட்டேன். ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்த மாதிரி பதில் சொன்னார்.

"நிக்கிறேன். ஆனா இந்த வாட்டி பொம்பளைங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். நீ அந்த முனையப் புடி."

பிடித்தேன். பச்சை மரம், நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அதைத் தூக்கினேன்.