எல்கானா வாங்கிக்கொடுத்த திருத்தம்

எங்கள் யூத ஜெபக்கூடத்துச் சாவி அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தது. விடியலில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்குள் வாசலில் எல்கானா லெடரர் வந்து நிற்பார். எருசலேம் குளிர் எலும்பைத் துளைக்கிற நாளிலும் அவர்தான் முதல் ஆள்.

எருசலேமின் காட்டமோன் பேட்டையில் எங்கள் தெருவில் பெரும்பாலும் குர்திஸ்தானிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். தொண்டை கிழியப் பாடித் தொழுகிறவர்கள். எல்கானாவின் பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். எங்கள் ராகம் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் பக்கம் என்பதால் வருவார், பின்வரிசையில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு முணுமுணுப்பார், போய்விடுவார்.

"வாத்தியாரே, கடிகாரம் உங்களப் பாத்து ஓடுதா, நீங்க அதப் பாத்து வர்றீங்களா?" என்று காய்கறிக் கடை ஷப்தாய் சீண்டாத நாளில்லை.

"நீ ஒரு நாளாவது நேரத்துக்கு வா, சொல்றேன்."

ஷப்தாய்க்கு அவர்தான் பள்ளியில் ஆங்கில வாத்தியார். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார வைத்தவர். அந்தக் கணக்கை ஷப்தாய் மறக்கவே இல்லை. ஆனாலும் நல்ல தக்காளியாகப் பொறுக்கி அவருக்கென்று தனியே எடுத்து வைப்பான்.

எல்கானாவுக்கு மனைவி மக்கள் இல்லை. தங்கை ஒருத்தி இருந்தாள், தீர்ட்ஸா. தையல் வேலை செய்தவள். பேருந்துகளில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த அந்தக் கெட்ட வருஷங்களில் ஒரு காலை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. ஏழு நாள் துக்கத்துக்கு நான்தான் துக்க வீட்டார் உட்காரும் தாழ்ந்த நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். அப்போது யாரோ லண்டன் பத்திரிகை ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். "எருசலேமில் பேருந்து வெடித்துப் பலர் பலி" என்று போட்டிருந்ததாம். பேருந்து ஏதோ தானாகவே வெடித்துக்கொண்ட மாதிரி. குண்டைக் கட்டிக்கொண்டு ஏறியவனின் படம் இருந்தது, அவன் சின்ன வயதுக் கதை இருந்தது. தீர்ட்ஸாவின் பெயர் எங்கேயும் இல்லை.

"ஒரு பேரு, ரஹமீம்," என்றார் என்னிடம். "ஒரே ஒரு பேரு போட எவ்வளவு இடம் பிடிக்கும்?"

துக்கம் முடிந்து எழுந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வு பெற்றபோது மூடி வைத்த பேனா அது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எங்கள் நாட்டைப் பற்றி வரும் ஒவ்வொரு செய்தியையும் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் திருத்த ஆரம்பித்தார். யார் செய்தது என்பதை விழுங்கிவிடும் வாக்கியம், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதியது, வேறு ஏதோ நாட்டு நிலநடுக்கப் படத்தை இங்கே நடந்ததாகப் போட்டது. இதையே வேலையாகச் செய்யும் செய்திக் கண்காணிப்புக் குழு ஒன்று நகரத்துக்குள் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தார். குழுத் தலைவன் ஸ்விகா இவரிடம் படித்தவன். இவர் கண்டுபிடிப்பார், ஸ்விகா பத்திரிகைகளுக்கு எழுதுவான். பல முறை பத்திரிகைகள் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டிருக்கின்றன. அவர் பிடித்தவை நிஜமான தவறுகள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கோடையில் அதே லண்டன் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. அரபுக் கிராமங்களைப் பிரித்து எங்கள் அரசு எழுப்பிய மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்லெறிக் கலவரம், ராணுவம் சுட்டதில் ஹில்மி ஸல்லூம் என்ற பதினொரு வயதுப் பையன் செத்தான் என்று. எல்கானா வழக்கம்போல் அலசினார். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் இணையத்தில் போட்டிருந்த ஒரு படம் அகப்பட்டது. செய்தி வந்த தேதிக்குப் பிறகு எடுத்த படம். பரிசளிப்பு விழா. கையில் கோப்பையோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் ஒரு பையன். கீழே ஹில்மி ஸல்லூம் என்று பெயர். அதே வயது, அதே ஊர்.

"செத்த பையன் ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சிருக்கான்!" என்றார் எல்கானா. அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

ஸ்விகா எழுதினான். பத்திரிகைக்காரர்கள் திணறிப் போனார்கள். அங்கிருந்து செய்தி அனுப்பிய ஆள் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். "இப்படி ஒரு சிறுவன் இறந்ததாக எங்களால் உறுதி செய்ய முடியவில்லை, வருந்துகிறோம்" என்று திருத்தம் போட்டு, செய்தியையும் எடுத்துவிட்டார்கள். ஸ்விகா விடுவானா? எல்கானாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, "இறந்த சிறுவனை உயிரோடு கண்டுபிடித்த ஆசிரியர்" என்று குழுவின் இதழில் எழுதினான். அந்த ஓய்வுநாளுக்கு எல்கானா ஜெபக்கூடத்துக்கு மீனும் சாராயமும் வாங்கி வந்தார். நாங்கள் குடித்து வாழ்த்தினோம். ஒரு குழந்தை சாகவில்லை என்பதற்காகவும்தான் குடித்தோம்.

எங்கள் பேட்டை மருத்துவமனையின் மருந்தகத்தில் சமீஹா என்று ஒரு பெண். கிழக்கு எருசலேம்காரி, அரபுப் பெண். எல்கானாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு அவரிடம் வாய் துடுக்கு.

"உப்பு சாப்பிடலேன்னு என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க, வாத்தியாரே."

"ஷப்தாய் கொடுத்த ஊறுகாய்ல ஒரே ஒரு துண்டு."

"அப்போ பில்ல ஷப்தாய்க்கே அனுப்பிடறேன்."

அந்த இதழ் வந்த பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையை வைப்பாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். எல்கானா காரணம் புரியாமல் மறுகினார். ஒரு நாள் என் முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்க நானும் கூடப் போயிருந்தேன். அவர் கேட்டே விட்டார்.

"ஏம்மா சமீஹா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

அவள் மாத்திரைப் பெட்டிக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "ஹில்மி என் அக்கா பையன்."

"எந்த ஹில்மி?"

"செத்தவன். கோப்பையோட நிக்கிறது அவன் சித்தப்பா பையன். தாத்தா பேரு ஹில்மி. பெரியவரு தன் மகனுக்கு வச்சாரு, சின்னவரு தன் மகனுக்கு வச்சாரு. ரெண்டும் ஒரே வருஷத்துல பொறந்த புள்ளைங்க." பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "காலையில ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி."

எல்கானா அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வெளிப்படியில் உட்கார்ந்தார்.

"ஹைஃபாவுல என் பெரியப்பா பையன் இருக்கான், ரஹமீம். அவன் பேரும் எல்கானா லெடரர். செத்துப்போன தாத்தா பேர எங்க ரெண்டு பேருக்குமே வச்சாங்க. எங்க வீட்டுல பெரிய எல்கானா, சின்ன எல்கானான்னுதான் கூப்பிடுவாங்க. நான் சின்னவன்."



ஷப்தாய் கேள்விப்பட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? எங்க குடும்பத்துல மட்டும் நாலு ஷப்தாய் இருக்கோமே! ஊருக்கே பாடம் நடத்துனீங்க, காய்கறிக்காரன்கிட்ட கேக்க மனசு வரலியா?" கோபமாக ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எல்கானா நேரே குழுவின் அலுவலகத்துக்குப் போனார். திருத்தத்தைத் திருத்த வேண்டும், பையனின் பெயர் திரும்பவும் அச்சில் வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். ஸ்விகா காப்பி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினானாம்.

"சார், நம்ம தலையில நாமே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா? இத ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் நாம வாங்கின திருத்தமெல்லாம் பொய்யின்னு கிளம்பிருவானுங்க."

"இது பொய்தானே, ஸ்விகா?"

"தப்பு. பொய் இல்ல."

"தப்ப அடிச்சிட்டு சரியா எழுதணும்னுதான் ஒனக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

"அது பள்ளிக்கூடம் சார்."

பிறகு தானே லண்டனுக்கு எழுதினார். புகார் கொடுத்தது குழு, குழு வாபஸ் வாங்கினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். விஷயம் முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது தடவை எழுதியதற்குப் பதிலே இல்லை. அவர் தன் தங்கைக்காக முதன்முதலில் எழுதியபோதும் இப்படித்தான் பதில் வராமல் போனது.

இலையுதிர் காலத்தில் எங்கள் யூதப் புத்தாண்டு வந்தது. ஆப்பிளைத் தேனில் தொட்டு நல்ல வருஷம் வேண்டிக்கொண்டோம். பாவநிவிர்த்தி நாளுக்கு முன்னால் வருகிற இந்த நாட்களில் யாருக்குக் குற்றம் செய்தோமோ அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆண்டவனுக்கு விரோதமான குற்றத்தை ஆண்டவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூன்று தடவை வரைக்கும் போக வேண்டும்.

எல்கானா சமீஹாவிடம் போனார். முதல் தடவை அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவை, "எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அது நான் எடுத்துக் கொடுக்குற மருந்தா?" என்றாள். "எங்க அக்காவுக்கு இப்போ என்ன வேலை தெரியுமா? எம்மவன்னு ஒருத்தன் இருந்தான், செத்தான்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றது. செத்த புள்ளைக்கு அத்தாட்சி காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா."

அன்று அவர் ஜெபக்கூடத்தில் என்னிடம் கேட்டார். "நாம யாருக்குக் குற்றம் செஞ்சோமோ அவங்க செத்துட்டா என்ன செய்யணும்?"

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்னாருக்கு இன்ன குற்றம் செய்தேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும்.

"மதிலுக்கு அந்தப் பக்கம் நம்மள விட மாட்டாங்க, வாத்தியாரே."

"கிட்ட எதுவரைக்கும் போக முடியுமோ அதுவரைக்கும்."

"அப்பா பேரு வேணுமே. இன்னார் மகன் இன்னார்னு சொல்லணும். அங்க ரெண்டு ஹில்மி."

அதற்காக மூன்றாம் தடவை போனார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் ஏதோ மெல்லச் சொன்னார். சமீஹா கேட்டுக்கொண்டே இருந்தாள். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. அவர் திரும்பி வாசலருகே வந்தபோது அவள் குரல் கேட்டது.

"நுஃமான். பையனோட அப்பா பேரு நுஃமான்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

ஆள் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சிலர் வேலை இருக்கிறது என்றார்கள். சிலர் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஒருவருடைய மகன் அங்கே ராணுவக் காவலில் நின்றவன்; அவர் என் முகத்துக்கு நேரே, "என் புள்ளைய கொலைகாரன்னு சொல்ல என்னையே கூப்பிடறியா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷப்தாய் காய்கறி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க வாத்தியாரே, நீங்க ஃபெயிலாக்கினவன்தான் ஓட்டப் போறான்" என்றான்.

பாவநிவிர்த்தி நாளுக்கு முந்தைய நாள் முற்பகலில் போனோம். எல்கானாவையும் சேர்த்து ஆறு பேர். பாதை முடிகிற இடத்தில் மதில். அது மேடான இடம். எதிர்ச் சரிவில் கிராமம், ஓரத்தில் வெள்ளைக் கற்கள் பதித்த இடுகாடு. எந்தக் கல் பையனுடையது என்று இங்கிருந்து தெரியாது. இன்னும் யாராவது வருவார்களா என்று வண்டி நிழலில் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. காவலில் இருந்த சிப்பாய்ப் பையன் வந்து பார்த்தான்.

"என்ன தாத்தா, இங்க என்ன?"

"ஜெபம்," என்றார் எல்கானா.

"ஆலயம் இருந்த மலையப் பாத்துத்தானே ஜெபிக்கணும், அது அந்தப் பக்கம். திசை மாறி நிக்கிறீங்களே."

"தெரியும், தம்பி."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு நிழலுக்குப் போனான்.

"இஸ்ரவேலின் தேவனுக்கும், நுஃமானின் மகன் ஹில்மிக்கும் விரோதமாகக் குற்றம் செய்தேன்," என்று எல்கானா சொன்னார். "அவன் செத்ததை இல்லையென்று ஆக்கினேன்." வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னார். மன்னிக்கப்பட்டது என்று மூன்று தடவை நாங்கள் பதில் சொல்ல வேண்டும். பத்துப் பேர் இல்லையே. யாருக்கும் நாக்கு எழவில்லை. எல்கானா சிறிது நேரம் காத்திருந்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"இது செல்லாது, இல்லையா ரஹமீம்?" என்று வழியில் கேட்டார்.

அவரிடம் போய் எப்படிப் பொய் சொல்வது? "ஆண்டவன் பாத்துக்குவான்," என்றேன்.

அதன் பிறகு அவர் பத்திரிகை படிப்பதை விடவில்லை. திருத்துவதை விட்டுவிட்டார். அந்த மாரிக்காலத்தில் ஒரு விடியலில் நான் கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் போன முப்பதாம் நாள் நினைவுக்கூட்டத்தை எங்கள் ஜெபக்கூடத்திலேயே வைத்தோம். ஹைஃபாவிலிருந்து பெரிய எல்கானா வந்திருந்தார். முகச்சாயல் அப்படியே இருக்க, ஷப்தாய் பார்த்ததும் ஒரு கணம் பயந்துவிட்டான். ஸ்விகாவும் வந்து காகிதத்தைப் பார்த்துப் பேசினான். தங்கையை இழந்தவர், உண்மைக்காகவே வாழ்ந்தவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "லண்டன் பத்திரிகையையே பணிய வைத்து, சாகாத சிறுவனைச் செத்தான் என்ற பொய்யை உடைத்தவர்" என்றான்.

பின்வரிசையில், எல்கானா உட்காரும் இடத்திலிருந்து ஷப்தாய் எழுந்தான்.

"அந்தப் பையன் செத்துட்டான், ஸ்விகா. நுஃமான் மகன் ஹில்மி. வாத்தியார் ஒங்கிட்ட வந்து சொல்லலியா?"

ஸ்விகா காகிதத்தை மடித்தான். வந்தவர்களில் பாதிப் பேர் ஷப்தாயை முறைத்தார்கள். நான் போய்த் தேநீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

குழுவின் அடுத்த இதழை ஸ்விகா எனக்கும் அனுப்பியிருந்தான். எல்கானாவின் அதே பழைய படம். பக்கத்தில் அவன் காகிதத்திலிருந்து படித்த பேச்சு, ஒரு வரியும் மாறாமல்.