கிளமெண்ட் சாரின் தொண்ணூற்றொன்பதும் ஜாய்ஸ் டீச்சரின் பத்தொன்பதும்

சமயநல்லூர் கிளமெண்ட் சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் ஆசை. மனிதர் விட்டால்தானே. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க். கை சுத்தம், வேலையும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். எல்லாம் சரி. ஆனால் அடுத்தவனுக்கு ஒன்று நல்லபடியாக நடந்துவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பக்கத்து வீட்டில் போர் போட்டு நல்ல தண்ணீர் வந்த அன்று இவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. சொந்தத் தம்பிக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோது, கொடுத்த லட்டை வாயில் போட்டுக்கொண்டு, "நைட் டூட்டி நெறைய இருக்கும், ஒடம்பு கெட்டுரும்" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஊர் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரியும் ஒன்று இருந்தது. பேச்சு. பங்குக் கோவில் திருவிழாவோ பள்ளி ஆண்டு விழாவோ, பட்டிமன்றம் என்றால் ஓர் அணிக்கு அவர்தான் தலைவர். தலைப்பு பணமா குணமா என்று இருக்கட்டும், நட்பா உறவா என்று இருக்கட்டும், சுற்றி வளைத்து எப்படியாவது 1999 உலகக் கோப்பை அரையிறுதிக்கு வந்து சேர்ந்துவிடுவார். பர்மிங்காமில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய ஆட்டம்.

"கடைசி ஓவர். ஒம்போது ரன் வேணும், கையில ஒரே விக்கெட்டு. குளூஸ்னர் மொதப் பந்து ஃபோர். ரெண்டாவது பந்தும் ஃபோர். ஸ்கோர் சமம். இன்னும் ஒரே ஒரு ரன். நாலு பந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் குரலை இறக்குவார். மூன்றாம் பந்தில் மறுமுனையில் நின்ற டொனால்டு அவசரப்பட்டுக் கிரீஸை விட்டு ஓடி, மயிரிழையில் தப்பியதைச் சொல்வார். நாலாவது பந்தை அடித்துவிட்டு குளூஸ்னர் ஓடுகிறார். டொனால்டோ பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் கையிலிருக்கும் மர ஸ்கேலை மேடையில் 'டொக்'கென்று போடுவார். டொனால்டு நழுவவிட்ட பேட் அது. ரன் அவுட், ஆட்டம் சமம், முந்தைய சுற்றில் மேலே இருந்த கணக்கில் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. ஆட்டத்தைப் பார்த்திராத கிழவிகள்கூட 'ச்சோ' கொட்டுவார்கள். அந்த 'ச்சோ'வைக் கேட்டால்தான் சாருக்கு அன்றைக்குச் சோறு ருசிக்கும்.

ஒரே ஒரு குறை. மதுரையில் ஒரு லோக்கல் சேனல் பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றம் போடும். அதில் ஒரு தடவையாவது தன் முகம் தெரிய வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஏக்கம். ஆள் விட்டுச் சொல்லியும் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களை டிவியில் பார்த்து, "இவனெல்லாம் பேச்சாளரா" என்று சேனலை மாற்றுவார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே சேனலுக்கு வந்துவிடுவார்.

போன வருஷம் பங்குத் திருவிழாவுக்கு இளைஞர்கள் புதுசாக ஒரு தலைப்பு வைத்தார்கள். ஒருநாள் கிரிக்கெட்டில் நெஞ்சை விட்டு நீங்காத நாக் அவுட் ஆட்டம் 1999 அரையிறுதியா, 2019 இறுதியா? தொண்ணூற்றொன்பதுக்குத் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். நடுவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் மரியராஜ் ஐயா. போதாததற்கு, அந்த சேனலில் நிகழ்ச்சி தயாரிக்கும் விக்ரம் என்கிற பையன் பார்க்க வருகிறான் என்றும் சேதி வந்தது. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

விழாவுக்கு முந்தின நாள், எதிரணித் தலைவர் ஆலனுக்குக் காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. ஃபாதர் யோசித்துப் பார்த்துவிட்டு, பங்கின் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஜாய்ஸ் டீச்சரைக் கூப்பிட்டு, "நீங்க பேசுங்கம்மா" என்றார். ஜாய்ஸ் டீச்சர் வேறு யாருமில்லை, கிளமெண்ட் சாரின் மனைவிதான். மேடை ஏறியதில்லை. கணவர் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டதோடு சரி.

சாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பெரிய மனது பண்ணி ஆறுதல் சொன்னார்.

"பயப்படாத. ரெண்டு பாயிண்டச் சொல்லிட்டு, நன்றி வணக்கம்னு எறங்கிரு. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

"சரிங்க" என்றாள் ஜாய்ஸ்.

மறுநாள் மாலைப் பூசை முடிந்து கோவில் மைதானம் நிறைந்திருந்தது. சார் அருமையாகப் பேசினார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்கேல் விழுந்தது, 'ச்சோ' வந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். பட்டிமன்றம் என்றால் பெண்டாட்டியை வைத்து ஒரு ஜோக் அடிக்காவிட்டால் ஜென்மம் சாபல்யம் அடையாதே. "எதிரணித் தலைவி எங்க வீட்டம்மாதான். அவுங்களுக்குத் தெரிஞ்ச ஓவரெல்லாம் சாம்பார்ல உப்பு ஓவராகுறதுதான்" என்று எடுத்துவிட்டார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

ஜாய்ஸ் எழுந்து வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். கையில் பேப்பர் இல்லை.

"நடுவர் ஐயா, எங்க வீட்டுக்காரர் சொன்னது நெசந்தான். எனக்கு ஓவர் கணக்கு தெரியாது. 2019 இறுதி ஆட்டத்துல, இங்கிலாந்து இனிமே எங்க ஜெயிக்கன்னு கணக்குத் தெரிஞ்சவரு படுக்கப் போயிட்டாரு. கணக்குத் தெரியாத நான்தான் யூனிஃபார்முக்கு அயர்ன் போட்டுக்கிட்டே முழுசாப் பாத்தேன்."

மைதானமே அதிர்ந்தது. கடைசிப் பந்து வரை கண் கொட்டாமல் பார்த்ததாக ஆபீஸில் அளந்துவிட்டவர் கிளமெண்ட் சார். அவருடைய சக கிளார்க்குகள் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அந்த வாரம் புதன்கிழமைதான் நியூசிலாந்து கப்தில் நம்ம தோனிய ரன் அவுட் ஆக்குனான். மதுரையில அவனுக்குச் சாபம் விடாத வீடு உண்டா? நானும் விட்டேன். ஞாயித்துக்கெழம லார்ட்ஸ்ல இறுதி ஆட்டம். நியூசிலாந்து 241, இங்கிலாந்தும் 241. சூப்பர் ஓவர் வச்சாங்க. இங்கிலாந்து பதினஞ்சு. நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்துல ரெண்டு ரன் வேணும். ஒன்னு ஓடியாச்சு. ரெண்டாவதுக்கு ஓடி வாரான் பாருங்க, யாரு? அதே கப்தில். அவனும் ரன் அவுட். மறுபடி சமம். அவன் தரையில கெடந்த கெடையப் பாத்ததும், அயர்ன் பாக்ஸ ஓரமா வச்சுட்டு, விட்ட சாபத்த அம்புட்டயும் வாபஸ் வாங்கிட்டேன்."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். அவசரமே படவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு, என்று சார் பல்லைக் கடித்தார்.

"தொண்ணூத்தொம்போதுல ஒருத்தர் ஓடுனாரு, ஒருத்தர் நின்னாரு. தப்பு யார் மேலன்னு விரல நீட்டிறலாம், மனசும் ஆறிரும். பத்தொம்போதுல ரெண்டு பேருமே ஓடுனாங்க. யாரும் பேட்டக் கீழ போடல. யாரும் தூங்கல. எல்லாம் சரியாச் செஞ்சும், யாரு பவுண்டரி அதிகமா அடிச்சதுன்னு எண்ணிப் பாத்து, கோப்பைய இன்னொருத்தர் கையில குடுத்துட்டாங்க. அந்த விதிய அப்புறம் அவுங்களே தூக்கிட்டாங்க, ஆனா கோப்பை திரும்ப வரல. எல்லாம் சரியாச் செஞ்சும் கெடைக்காமப் போனவுக இங்க எத்தன பேரு உக்காந்திருக்கீங்க? அது உங்க மேட்ச்சுங்க."

முதலில் பின்னாலிருந்து பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லோரும். மரியராஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 2019 தான் என்று தீர்ப்பு சொன்னார்.

கிளமெண்ட் சாருக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு போர், தம்பி வேலை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஊரான் ஜெயித்தால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவள் அந்த வீட்டுக்குள்ளேயே அல்லவா வந்து தோசை ஊற்றப் போகிறாள்.

கூட்டம் கலையும்போது விக்ரம் அவரிடம் வந்தான்.

"சார், பொங்கலுக்கு இதே தலைப்ப மேலூர்ல ஒரு மண்டபத்துல ஷூட் பண்றோம். மேடம் பேசணும். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு வார்த்தை, 'சரி' என்று சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை.

"அவளுக்கு இதெல்லாம் இஷ்டமில்ல தம்பி. ஃபாதர் சொன்னாரேன்னு இன்னைக்கு ஏறுனா. ரொம்பக் கூச்சம்." கொஞ்சம் நிறுத்தி, "வேணும்னா நான் வாரேன்" என்றார்.

பையன் தலையைச் சொறிந்தான். "2019 அணிக்குத்தான் சார் ஆள் வேணும். மேடம் பேசுன மாதிரியே பேசணும்."

"அதுக்கென்ன, பேசிருவோம்."

வீட்டுக்கு வந்து, "சேனல்ல என்னையக் கூப்புட்டிருக்காங்க" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்து.

ஜாய்ஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களயா? நல்லதுங்க" என்றாள்.

"2019 பக்கமாம். ஒன் பாயிண்டெல்லாம் கொஞ்சம் சொல்லு, மெருகேத்திக்கிருவோம்."

சொல்லிக் கொடுத்தாள். மறைக்காமல் சொல்லிக் கொடுத்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு அடங்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம். தினமும் ஸ்கூல் விட்டு வந்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள். அவர் பேசினால் அது பேச்சாக இருந்தது. அவள் சொல்லிக் காட்டினால் கப்தில் நடுவீட்டில் விழுந்து கிடந்தான். சாருக்குத் தாங்காது. "நீ சொல்றது லேடீஸ்க்குச் சரி, எனக்குச் செட்டாகாது" என்பார். பிறகு அவள் அடுப்படிக்குப் போனதும் அதே மாதிரி சொல்லிப் பார்ப்பார். வராது.

மேலூர் மண்டபத்துக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். அவருக்குப் புதுச் சட்டை. அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த விக்ரம் அவளைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தான்.

"வாங்க மேடம். இப்பவாச்சும் மனசு மாறுச்சா? அன்னைக்கு மொதல்ல உங்ககிட்டத்தான கேட்டேன். எங்க வீட்டுக்காரரக் கேளுங்க, அவரு சரின்னா வாரேன்னு சொன்னீங்க. அவரக் கேட்டா ஒங்களுக்கே இஷ்டமில்லன்னுட்டாரு."

கேமராக்காரர் கூப்பிட, அவன் பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டான்.

கிளமெண்ட் சாருக்கு அப்போதுதான் புரிந்தது. விக்ரம் வந்து கேட்டபோது, அவனை அனுப்பிவிட்டு அவள் எங்கேயோ கூட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவர் சுவரைப் பார்த்துப் பொய் சொன்னபோதும் அவளுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த அத்தனை சாயங்காலமும் தெரியும்.

"தெரிஞ்சுமா சொல்லிக் குடுத்த?" என்றார்.

ஜாய்ஸ் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"நல்ல பேச்சுங்க அது. எங்கிட்டயே கெடந்து வீணாப் போகணுமா? யாராச்சும் பேசட்டும்னுதான்."

யாராச்சும். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவள் அவரைத் திட்டியதே இல்லை. இப்போதும் திட்டவில்லை.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினார். பேசினார். மனப்பாடம் கைவிடவில்லை. சாபம் வாபஸ் வாங்கிய இடத்தில் சிரித்தார்கள். கடைசி வரியில் மண்டபம் கைதட்டியது. பல வருஷம் ஏங்கிய கேமரா முகத்துக்கு நேரே நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தார். ஜாய்ஸும் தட்டிக்கொண்டிருந்தாள். ஒப்புக்கு இல்லை, நன்றாகவே, சிரித்த முகமாகவே தட்டினாள். தன்னால் ஒரு நாளும் அவளுக்கு அப்படித் தட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமையாக இருந்தது.