மாத்திரையைத் தள்ளிக் கணக்கிட்ட அக்கா

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு அதன்பின் சிறிது உதிரம் கண்டாலும் தாமதமின்றிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என் அக்கா பணியாற்றிய மகளிர் நல ஆய்வின் விதி இது. துறைமுக அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்: நல்ல விதி. என் மனைவிக்குப் பொருந்த வேண்டிய விதி. பொருந்தவில்லை.

அக்கா பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில். மணமான சில ஆண்டுகளிலேயே அத்தானை இழந்தார்கள். உறவினர்கள் ஆறுதல் சொல்லி முடிக்கும் முன்பே செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை, தூத்துக்குடியில் எங்களோடு இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஆய்வுக்கு அனுப்பப்பட்டார்கள்.

நடுவயதுப் பெண்களை மூன்று நிலைகளாகப் பிரிப்பது வேலை. ஒழுங்காக விலக்கு வருவோர் முதல் நிலை; தாறுமாறாக வருவோர் இடைநிலை; பன்னிரண்டு மாதம் நின்றுபோனோர் கடைசி நிலை. கடற்கரைத் தெருக்களில் தேதி கேட்டால் பெண்கள் விழிப்பார்கள். மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முன்பா பின்பா என்று அக்கா கேட்டால் உடனே பதில் வரும். மேலதிகாரிகளுக்குத் தேதி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று அவர்கள் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் வேறொரு வழக்கமும் உண்டு. திருவிழா, கல்யாணம், நவராத்திரி என்றால் விலக்கைத் தள்ளிப்போடப் பெண்கள் மருந்துக்கடை மாத்திரை விழுங்குவார்கள். நிறுத்திய சில நாளில் உதிரம் வரும். அந்த ஆய்வில் சேர்ந்திருந்த என் மனைவியும் அப்படித்தான். ஆய்வு அதையும் மாதவிலக்காக எண்ணியதால், ஒவ்வொரு விசேஷத்துக்குப் பிறகும் பன்னிரண்டு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. ஆகவே அவள் நிரந்தர இடைநிலை. இடைநிலையில் தாறுமாறாக வருவது இயல்பு. இயல்புக்குப் பரிசோதனை கிடையாது.

ஓர் ஐப்பசியில், மாத்திரை எதுவும் போடாமலே அவளுக்கு வந்தது. வயதுக் கோளாறு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் ஆய்வு மருத்துவர். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. அக்கா அடுக்களையில் உட்கார்ந்து, எந்தெந்த விசேஷத்துக்கு மாத்திரை போட்டாள் என்று கேட்டு, அந்த வரவுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து தள்ளினார்கள்.

“ஊர்ப் பொம்பளைகளை முடிச்சிட்டு என்கிட்ட வந்துட்டீகளா மதினி?” என்று என் மனைவி கேலி செய்தாள்.

“சிரிக்காத ஏளா. மாத்திரை கொண்டாந்ததை உன் உடம்பு கொண்டாந்ததா எழுதி வச்சிருக்கோம். உனக்கு நின்னு ஒண்ணரை வருசமாச்சு. இப்ப வந்திருக்கே, இது எங்கேருந்து வந்துச்சு?”

மறுநாள் அக்காவே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கர்ப்பப்பையில் புற்று, பரவுமுன் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

விதியை மீறியவர்களையும் விதிக்குப் பின்னால் ஒளிந்தவர்களையும் நான் நிறையப் பார்த்தவன். ஒரு விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவள் வீட்டு அடுப்படி வரை அதைக் கூட்டிவந்தவரை அன்றுதான் பார்த்தேன். இன்றும் எனக்கு அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

அக்கா அதோடு நிற்கவில்லை. “இவளுக்கு நான் வீட்டுல இருந்தேன் தம்பி. மத்தவளுக்கு யாரு இருக்கா?” என்றார்கள். மாத்திரையால் வரும் உதிரத்தை எண்ணக் கூடாது, அப்படிப்பட்ட பெண்களைத் தனி வகையாக வைக்க வேண்டும் என்று தலைமையகத்தைக் கேட்டார்கள். உரிய வழியாகத்தான் கேட்டார்கள். உரிய வழியில் போனது எதுவும் அவசரப்படுவதில்லை. நினைவூட்டுக் கடிதங்களை நானே எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து நடைக்கும் அங்கே மயங்குவார் இல்லை. அதுவரை அக்கா வீடு வீடாக மாத்திரையைப் பற்றி விசாரித்து, ஐயத்துக்கு இடமானவர்களைத் தாமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

பங்குனியில் இதயம் தளர்ந்து படுத்தார்கள். பேச முடிந்தவரை தினமும் பதில் வந்ததா என்று கேட்டார்கள். என் மனைவியின் கை அவர்கள் கையை விடவே இல்லை. இரவும் பகலும் கவனித்த செவிலியர்களுக்கும், அழைக்காமலே வந்து நின்ற கடற்கரைத் தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த துறைமுக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

தலைமையகத்தின் பதிலை என் மனைவிதான் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். மாத்திரையால் வரும் உதிரம் இனிக் கணக்கில் சேராது. அப்பெண்கள் தனி வகையாக வைத்துக் கவனிக்கப்படுவார்கள். வந்து சேர்ந்த தேதி, அக்காவின் பதினாறாம் நாள்.