பொட்டு வைக்காத தொலைநோக்கி

எங்கள் தொலைநோக்கி இருபது லிட்டர் தண்ணீர் கேன் அளவுதான். வேறொருவரின் செயற்கைக்கோளில் ஒண்டுக் குடித்தனம் போகிற கருவிக்கு அதற்கு மேல் இடம் கிடைக்காது. இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியை அது பிடிக்க வேண்டும். அந்த ஒளிக்கு எண்ணெயும் தூசியும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் படிந்தால்கூட ஒளியை விழுங்கிவிடும். மேலே போனபின் ஏறித் துடைக்க ஆள் கிடையாது.

அதனால், வடிவமைப்புக் குழுவின் தலைவி தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குப் பொட்டு எல்லாவற்றையும் விட்டிருந்தார். புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப்பெண்; குழுவில் சின்ன ஆளான நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முடி தேங்காய் நாராகியிருந்தது. "அரே, என் தலையை ஏன் பார்க்கறே? கண்ணாடி பளபளன்னு இருக்கா, அதைப் பாரு" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. லேத்திலிருந்து ஸ்கூட்டர் வரை புனேயில் அன்று எதுவும் பொட்டிலிருந்து தப்பாது. மராட்டியரான எங்கள் இயக்குநர் நெற்றி நிறையக் குங்குமமும் கையில் ஊதுவத்தியுமாக, தொலைநோக்கி இருந்த தூசி புகாத சுத்த அறையின் வாசலுக்கே வந்துவிட்டார். தொலைநோக்கிக்கு ஒரே ஒரு பொட்டாம்.

"நஹீ, சார்" என்று அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றார்.  அக்காவைக் குழுவில் வைப்பதும் நீக்குவதும் இயக்குநர் கையில்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஸ்டோர்ல அந்த விரிசல் விட்ட குழாய் இருக்கில்ல, எடுத்துட்டு வா."

அது எங்கள் முதல் வடிவமைப்பு. நீளம் அதிகம், அதிர்வுச் சோதனையில் பிளந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் அக்கா இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒளியை மடித்து, குழாயைப் பாதியாகக் குறுக்கினார்.

எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது இதுதான், பூஜையை இதற்குச் செய்யுங்கள் என்று இயக்குநரிடம் இந்தியில் சொன்னார். அவர் விரிசலுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனார். முகத்தில் சிரிப்பில்லை.

"தூக்கிடுவாரோ, அக்கா?"

"தூக்கட்டும். கண்ணாடி சுத்தமா இருக்கில்ல?"

இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று மலைத்துப்போனேன்.

விடுமுறை முடிந்து போனால், சுத்த அறைக்குள் நுழையுமுன் அங்கி மாட்டும் அறையில் இயக்குநர் நின்றிருந்தார். கண்ணாடியைப் பார்க்க வந்தாராம். குங்குமம் இல்லாத அவர் நெற்றியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தேய்த்துக் கழுவியதில் தோல் சிவந்திருந்தது. பள்ளிப் பிள்ளை மாதிரி குனிந்து அக்காவிடம் நெற்றியைக் காட்டினார்.

அக்கா உற்றுப் பார்த்தார். பிறகு ஈரத்தாள் ஒன்றை நீட்டி, இன்னும் கொஞ்சம் துடைக்கணும் என்று அவர் புருவத்தைச் சுட்டினார்.

"தோடா அவுர், சார்."

இயக்குநர் வாங்கித் துடைத்துக்கொண்டார்.