ஸ்பெயின் மலையில் ராகு காலம்

கடைசி மலையில் நாங்கள் ஏறவில்லை. வேனில் போனோம். நடைப்பயணம் என்று சொல்லி ஆள் சேர்த்து, அத்தனை தூரம் பறந்து போய், எதற்காகப் போனோமோ அதை விட்டுவிட்டு வந்தோம்.

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் வழி தவறுவது எப்போதாவதுதான். ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்வது தினமும் உண்டு. காசி, கேதார்நாத், சிங்கப்பூர் என்று கூட்டிப் போயே தலை நரைத்தவன் நான். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

பாலம் ஏறியது

ஆவடி பக்கம் கோவில்பதாகையில், காலையில் ஏரிக்கரையில் நடக்கும் கூட்டம் ஒன்று. பத்துப் பேர். தினம்தான் நடக்கிறோமே, நடந்தே ஒரு வெளிநாடு பார்த்தால் என்ன என்று கிளம்பினார்கள். தெற்கு ஸ்பெயினில் மலைச்சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக வெள்ளை வெள்ளையாக ஊர்கள். ஓர் ஊரில் தூங்கி எழுந்து அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். வழி காட்ட லூசியா என்று அந்த ஊர்ப் பெண். சோறு, படுக்கை, சண்டை, இவற்றுக்கு நான்.

நம் பக்கம் மேடு ஏது? பயிற்சிக்கு ஆவடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏற்றி இறக்கினேன். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். கூட்டத்துக்கு ஏகாம்பரம், தனசேகர் என்று இரண்டு பெரிய மனிதர்கள். அம்பத்தூரில் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள். ஏகாம்பரத்தின் தங்கை கன்னியம்மாள்தான் தனசேகரின் மனைவி. அந்தப் பாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது அந்த அம்மாள் மட்டும். மற்றவர்கள் டீக்கடைக்குப் போன பிறகும் விடவில்லை. போதுமே, இன்னும் எதற்கு என்றேன்.

“இது சிமெண்ட்டு படிண்ணே. பொறந்ததுலேர்ந்து தரையிலயே நடந்துகினு கீறேன். ஒரே ஒரு மலையாச்சும் என் கால்ல ஏறி எறங்கணும். அதுக்குத்தான் வரேன்.”

சோறு போன வழி

நடைப்பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி படுக்கை வேனில் முன்னால் போய்விடும். ஆள் பின்னால் நடந்து போய்ச் சேர வேண்டும். கையில் தண்ணீரும் மதியச் சாப்பாடும் மட்டும். படித்துப் படித்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? காலையில் எழுந்து ரைஸ் குக்கரில் பொங்கிக் கிளறிய புளிசாதம், ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாவற்றையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டி வேனில் ஏற்றிவிட்டார்கள். பூட்டினால்தான் பத்திரம்.

மதியம் ஒரு பெரிய மரத்தடி. எல்லாரும் எல்லாருடைய பையையும் பார்த்தோம். லூசியா தன்னுடைய ரொட்டியை அறுத்து, அதன் மேல் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி எல்லாருக்கும் பங்கு போட்டாள். தனசேகர் அதை மோந்து பார்த்தார். தூரத்தில், கீழே, எங்கள் வேன் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதை எனக்குக் காட்டினார்.

“பார்த்தியா சார், சோறு வேன்ல சொகுசா போவுது. துன்றவன் நடந்துகினு கீறான்.”

கடையடைப்பு

அன்று ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது மதியம் மூன்றுக்கு மேல். சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஜன்னலெல்லாம் பூந்தொட்டி. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மளிகைக் கடை, காப்பிக் கடை, மருந்துக் கடை, எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறக்கியிருந்தது. அந்த ஊரில் மதியம் சாப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். வெயில் தாழ்ந்துதான் திறப்பார்கள். தினமும் அப்படித்தான்.

லூசியா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஏகாம்பரம் எல்லாரையும் சுவர் ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டார். கல் வந்து விழும், பஸ் ஓடாது, ஓட்டல் கதவைத் தட்டுங்கள் என்றார். அவருக்குத் தெரிந்து ஒரு ஊர் மொத்தமும் ஷட்டரை இறக்க ஒரே காரணம்தான். என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

“யாரு சார் செத்துப் பூட்டாரு, பெரிய தலைவரா?”

திங்கட்கிழமை

இதுவரை சிரிப்பு. இனிமேல் இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றாள் லூசியா. வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கைத் தாண்டியாக வேண்டும். ஏகாம்பரம் வீட்டிலிருந்து தினசரி காலண்டரை ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், ஒன்பதுக்கு மேல்தான் வாசலைத் தாண்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், அது ஆறு மணிக்குப் பொழுது விடியற ஊருக்கு. இங்க ஏழு மணிக்குத்தான் சூரியனே வர்றான். இந்த ஊரு கணக்குக்கு எட்டே முக்காலுக்கு மேலதான் புடிக்கும். இப்பவே கெளம்பிடலாம்” என்றார் தனசேகர்.

“காலண்டர்ல இன்னா போட்டுகீதோ அதான் மாப்ளே. அச்சடிச்சவன் இன்னா கேனையனா?”

ஆவடியில் ராகு காலம் எப்போதோ முடிந்து, மதியச் சாப்பாட்டு வேளையும் வந்துவிட்டது என்றேன். என்னை யாரும் மதிக்கவில்லை. ஒன்பது அடித்தது. ஏகாம்பரம் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். இப்போது தனசேகர் உட்கார்ந்துகொண்டார். அவர் கணக்கில் ராகு அப்போதுதான் பிடித்திருந்தது. சண்டை முற்றிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு ராகு காலத்தையும் கழித்துவிட்டுப் பத்தரைக்கு வெளியே வந்தோம். வாசற்படியில் கன்னியம்மாள் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே தனசேகர் சொன்னார்.

“எங்க கல்யாணத்துக்கும் நீதான மச்சான் நேரம் குறிச்ச? பார்த்தல்ல, எப்படி கீதுன்னு!”

ஒரு கூட்டம்

கன்னியம்மாளின் குனிந்த தலை நிமிரவில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார். ஏகாம்பரம் அத்தோடு மாப்பிள்ளையிடம் பேசுவதை நிறுத்தினார். தனசேகரும் நிறுத்தினார்.

அன்று வெயில் எங்களை வறுத்தது. பள்ளத்தாக்கில் நிழல் கிடையாது. கூட்டத்தில் பாரிவாக்கம் ஃப்ளாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு அம்மாள் வாந்தி எடுத்தார். தனசேகருக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. யாரால் லேட் என்று பாதி பேர் ஏகாம்பரம் பக்கமும் பாதி பேர் தனசேகர் பக்கமும் நின்றார்கள். நின்றதோடு விடவில்லை, தனித்தனியாக நடந்தார்கள். முன்னால் ஒரு கூட்டம், எங்கேயோ பின்னால் ஒரு கூட்டம். நடுவில் லூசியா மேலும் கீழும் ஓடினாள். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வியாழக்கிழமைதான் கடைசி நாள். நிஜமான மலை, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் மேல் ஊருக்கு இறங்க வேண்டும். ஏழு மணிக்குச் சேர்ந்து வந்தால் போகலாம், பிரிந்து வந்தால் எல்லாரும் வேன்தான் என்றாள்.

“எனக்கு மலையில் ஒரு கூட்டம் வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு இன்னொரு லூசியாவை நான் எங்கே தேடுவது?”

தூது

இரண்டு நாள் நான் போஸ்ட்மேன். சாப்பாட்டு அறையில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். ஊறுகாய் பாட்டில் இவரிடம், பருப்புப்பொடி அவரிடம். அதைக்கூட நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன். வியாழக்கிழமை வருகிறீர்களா என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன். அவர் வருவதாக இருந்தால் நான் வரவில்லை என்றார். தனசேகரிடம் போனேன். அதே வாக்கியம், கமா குறையாமல். மற்றவர்களும் தத்தம் தலைவர் வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏரிக்கரையில் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டுமே.

எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் நாசமாய்ப் போங்கள், வேனுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். முற்றத்தில் கன்னியம்மாள் துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அத்தனையும் அங்கே கேட்கும். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“நான் யாரு கட்சின்னு மட்டும் யாரும் கேக்கலியேண்ணே.”

குழாயடியில்

வியாழக்கிழமை காலை லூசியா ஊர் நடுவில், குழாயடியில் நின்றாள். நான் போனது யாரும் வரவில்லை என்று சொல்ல. அதற்குள் அங்கே ஒரு ஆள் இருந்தது. சுடிதார், ஸ்வெட்டர், தலையில் ஆரஞ்சு நிற மங்கி குல்லா. கன்னியம்மாள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்றேன். எழுந்தால் தெரிந்துகொள்வார் என்றார்.

ஒரு ஆளோடு லூசியா எப்படிப் போவாள்? அவளே சொன்ன சட்டம். அவளிடம் கையை விரித்தேன். லூசியா அந்தக் குல்லாவைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பிரிந்து வரக்கூடாது என்றுதானே சொன்னேன்? இவர் பிரிந்து வரவில்லையே.”

வேனில்

இரண்டு பேரும் கல் பாதையில் ஏறிப் போனார்கள். நானும் கூடவே போயிருக்கலாம். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது பேரை வேனில் ஏற்ற வேண்டுமே. அதுதான் நம் தொழிலின் சாபம். போகிறவரோடு போக முடியாது, போகாதவர்களோடுதான் இருக்க வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் தனசேகர் நேராக வேனுக்கு வந்தார். முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏகாம்பரம் கடைசி சீட்டுக்குப் போனார். ஒரு வளைவில் மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் கொஞ்சம் பனி. கீழே படிப்படியாக வயல், அதற்கும் மேலே வெறும் கல். அந்தக் கல்லில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று நகர்ந்தது. டிரைவர் யாரும் கேட்காமலே வண்டியை மெதுவாக்கினார். எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த வளைவில் அது மறைந்துவிட்டது. அப்புறம் தார் ரோடுதான். அத்தனை தூரம் போய் அந்த மலையை நான் பார்த்தது அவ்வளவுதான். பாரிவாக்கத்து ஐ.டி. பையன் கார்த்திக் இதற்கென்றே புதிதாக வாங்கிய கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு திணறினான்.

“மலையில ஊனலாம்னு வாங்குனேன் சார். வேன்ல இடுப்புல குத்துது.”

பெஞ்ச்

மேல் ஊருக்கு வேன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது. காத்திருந்தோம். மதியம் போனது, கடைகளைச் சாத்தினார்கள். முகட்டின் மேல் மேகம் இறங்கிப் பாதையை மூடியது. லூசியா போன் எடுக்கவில்லை. பாதை வந்து முடிகிற இடத்தில் இருப்பது ஒரே ஒரு பெஞ்ச். தனசேகர் அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வேறு எங்கே உட்கார்ந்தாலும் பாதை தெரியாது. மறு ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் இரண்டு பேரும் மேகத்தையே பார்த்தார்கள்.

“மச்சான், அவ தண்ணி எடுத்துகினு போனாளா?”

“புடிச்சுகினுதான் போனா மாப்ளே. நான் ஜன்னல்ல பார்த்தேன்.”

“பார்த்துட்டு சும்மாவா இருந்த?”

“கூப்புட்டா திரும்பி வந்துடுவாளேன்னுதான் கூப்புடல.”

தனசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி நான் அப்டி சொல்லியிருக்கக்கூடாது” என்றார். ஏகாம்பரம் அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் மேகத்துக்குள்ளிருந்து குல்லா வெளியே வந்தது. முழங்கால் வரை புழுதி, கணுக்காலில் முள் கீறல், முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே லூசியா. இரண்டு கிழவர்களும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடினார்கள். ஒருவர் பையை வாங்கினார், ஒருவர் பாட்டிலை வாங்கினார். மேல இன்னாம்மே இருந்துச்சு என்று கேட்டார் தனசேகர். கன்னியம்மாள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் இல்ல. அதான் இருந்துச்சு.”

வேனில் வந்த எங்கள் பத்துப் பேருக்கும் அந்த மலை போனது போனதுதான், ஆனால் மச்சானையும் மாப்பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது நானும் இல்லை, லூசியாவும் இல்லை, எந்தக் காலண்டரும் இல்லை, கன்னியம்மாள்.