கடலூரில் புயல், நான் லிஸ்பனில்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சோளக்கதிர் சுடும் வண்டியிலிருந்து புகை முகத்தில் அடித்தது. உடனே எனக்கு லிஸ்பன் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். குளிர் தொடங்கும்போது அந்த ஊர்த் தெருமுனைகளில் செஸ்ட்நட் என்ற கொட்டையைக் கரியில் சுட்டு விற்பார்கள். தெருவையே மறைக்கும் அந்த வெள்ளைப் புகைக்குள் நின்றுதான் அப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனேன்.

அப்போது ஆபீஸ் வேலையாக ஜெர்மனியில் இருந்தேன். லீவில் லிஸ்பன் பார்க்கக் கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் காய்ச்சல். சிதம்பரத்திலிருக்கும் அக்கா வீட்டுக்கே துணை தேடுகிறவள், என்ன தைரியத்திலோ தனியாக விமானம் ஏறிவிட்டேன். போய் இறங்கிய அன்றே அப்பா கூப்பிட்டார். அம்மா போனபிறகு கடற்கரையோர வீட்டில் அவர் மட்டும்தான்.

“காத்து ஜாஸ்தியா இருக்குதும்மா. புயல் இங்கதான் கரை ஏறுதாம். மாப்பிள சிதம்பரத்துக்கு வாங்கன்னு கூப்புடுறாரு. வீட்ட உட்டுட்டு எங்க போறது?”

“அப்பா, சொன்னா கேளுங்க, கெளம்புங்க.”

“நீ ஊரச் சுத்திப் பாரு. அப்பறமாப் பேசுறன்.”

மறுநாள் காலை அவர் போன் உயிரோடு இல்லை. செய்தியில் கடலூர் என்ற பெயரும், சாய்ந்த மின்கம்பங்களும். அக்காவின் கணவரான மாமா ஒரே ஒருமுறை லைனில் கிடைத்தார். “பைக் எடுத்துட்டன்மா. புதுச்சத்திரம் தாண்டி மரமா உழுந்து கெடக்குதாம். புவனகிரி வழியா சுத்திப் போறன்.” பிறகு அவர் போனும் போய்விட்டது.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா தெரேசா, அறுபது வயதிருக்கும். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை. என் போன் திரையில் அப்பா படத்தைப் பார்த்து, “பை?” என்றார். பை தொலைந்துவிட்டதா என்று கேட்கிறார் போல என்று கைப்பையைத் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டி மறுபடி படத்தைத் தொட்டார். அவர்கள் மொழியில் ‘பை’ என்றால் அப்பாவாம். புரிந்த நொடியில் அழுதுவிட்டேன்.

அறையில் உட்கார முடியவில்லை. மேட்டுக்குப் போனால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று ஒரு மடத்தனமான எண்ணம். அறுந்த லைன் கடலூரில், ஏறியது லிஸ்பன் மேட்டில்! செங்குத்தான சந்துகள், நீல ஓடு பதித்த சுவர்கள், உரசிக்கொண்டு போகும் மஞ்சள் டிராம். உச்சியில் நின்றதும் ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் ஆறு கடல்போல விரிந்தது; அதன்மேல் வெயில். இந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்பா உயிரோடிருக்கிறாரா என்று தெரியாத நேரத்தில் ஒரு ஊர்மேல் இப்படி ஆசை வருமா? வந்தது. கையில் போனை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் போன் அடித்தது. மாமா.

“கெடச்சிட்டாரும்மா. கூர ஷீட்டெல்லாம் பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. பக்கத்து வூட்டுப் புள்ளத்தாச்சியயும் இழுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள பூந்திருக்காரு. கால்ல அடி. உசுருக்கு ஒண்ணும் இல்ல. இரு, தரன்.”

அப்பாவின் குரல் கரகரத்தது. “அங்க காத்து கீத்து ஒண்ணும் இல்லியேம்மா?”

இல்லைப்பா என்றேன். கீழே இறங்கி ஓடி, வாசலில் நின்ற தெரேசாவிடம் “பை, பை” என்று கத்தினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, வீதியில் போகிறவர்களிடமெல்லாம் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காற்றில் போன, எங்கள் வீட்டுப் பக்கத்துச் சவுக்குத்தோப்பு மீண்டும் வளரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவும் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் மறுபடி லிஸ்பன் போனேன். அதே வீட்டில்தான் இடம் எடுத்தேன். தெரேசா வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வாசலில் எண் அழுத்தும் பூட்டு. போனில் வந்த எண்ணை அழுத்தினேன். கதவு திறந்துகொண்டது. யாருமில்லாத வீட்டுக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன்.