பென்சிலில் போட்ட நடிகர் பட்டியல்

கலிபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து ஆபீஸ் போகும் கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் தினமும் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண்மணி உட்காருவார். நரைத்த குட்டை முடி, மடியில் செங்கல் தடிமனில் ஒரு மாயாஜால நாவல். அது படமாகப் போகிறது என்று செய்தி வந்ததும், எந்த ஸ்டார் எந்த வேடத்துக்கு என்று ரசிகர்கள் நெட்டில் அடித்துக்கொண்டார்கள். இவரோ ஷட்டிலில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நடிகர் பட்டியல் போடுவார்.

"மகாராணி யாருங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம டிரைவரம்மாதான். பிரேக் போடறப்ப முதுகைப் பாருங்க, வளையவே வளையாது."

பார்த்தேன். அதன்பிறகு டிரைவரம்மாவுக்கு குட்மார்னிங் சொல்லும்போதெல்லாம் என் தலை தானாகத் தாழ்ந்தது.

வேலை போன அன்று, ஆபீஸ் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஷட்டிலில் ஏறினேன். பக்கத்து சீட் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மடியிலிருந்த நாவலைத் திறந்தார். அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'நாடு கடத்தப்படும் தளபதி' என்பதற்கு நேரே 'பக்கத்து சீட்' என்று இருந்தது.

"இவன் திரும்பி வர்றதுதாங்க மூணாவது பாகமே" என்றார்.

அப்போதுதான் எழுதியது என்றால் ஆறுதலுக்கு என்று விட்டிருப்பேன். அந்தப் பென்சில் எழுத்து எப்போதோ தேய்ந்து மங்கியிருந்தது.